வெங்காய வளையம் ஏன் நமத்துப்போகிறது?

வீட்டில் செய்யும் வெங்காய வளையத்தில், அதாவது மாவில் முக்கிப் பொரிக்கும் ஆனியன் ரிங்கில், மூன்று குறைகள் இருப்பதாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். பொரித்து எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் வளையம் தொய்ந்துவிடுகிறது. கடித்தால் வெங்காயம் முழுசாக உருவிக்கொண்டு வாய்க்கு வந்துவிட, வெறும் மாவுக்கூடு கையில் மிஞ்சுகிறது. போதாக்குறைக்கு எண்ணெயை வேறு குடிக்கிறது. மாவின் அளவை மாற்றியும், முட்டை சேர்த்தும், பேக்கிங் பவுடரைக் கூட்டியும் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள்.

நானும் ரொம்ப நாள் மாவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பாதி நேரத்தை வெங்காயத்துக்கே கொடுக்கிறேன். வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். 200 கிராம் வெங்காயம் ஒன்றை நறுக்கி எண்ணெயில் போட்டால், கிட்டத்தட்ட 180 மில்லி தண்ணீரை எண்ணெயில் இறக்குகிறீர்கள் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அது எங்கே போவது? மாவுக்கூட்டின் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வருகிற வழியில் கூட்டை ஈரமாக்கிவிட்டுப் போகிறது. உங்கள் மூன்று குறைகளிலும் இந்தத் தண்ணீருக்குப் பங்கு உண்டு.

முதலில் வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பது. பெரியதாக, கெட்டியாக, கழுத்துப் பகுதி நன்றாகக் காய்ந்து இறுகியதாக எடுங்கள். கழுத்தை அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வெங்காயத்தில் உள் அடுக்குகள் அழுகத் தொடங்கியிருக்கும். மஞ்சள் தோல், வெள்ளைத் தோல் இரண்டும் நன்றாக வரும். சிவப்பு வெங்காயமும் ருசியாகத்தான் இருக்கும், வெந்தபின் நிறம் மட்டும் கொஞ்சம் மங்கித் தெரியும். காரமே இல்லாத இனிப்பு வெங்காயத்தைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அதில் காரம் குறைவு, நீர் அதிகம். நமத்துப்போவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், முதல் முறை அதைத் தொடாதீர்கள்.

வெங்காயத்தைப் படுக்க வைத்து, வேருக்கும் நுனிக்கும் நடுவே குறுக்காக வெட்டினால்தான் வளையம் கிடைக்கும். கனம் ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். அரை சென்டிமீட்டர் என்றால் உள்ளே வெங்காயமே இல்லாத மாதிரி வெறும் மாவு தெரியும். ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் மேல்மாவு சிவந்த பிறகும் வெங்காயம் அரைவேக்காடாக நார் நாராக நிற்கும். உருவிக்கொண்டு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வளையங்களைப் பிரித்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காட்டும் வட்டத்தைவிடச் சிறியவற்றை ஒதுக்கிவிடுங்கள். குழம்புக்கோ பொரியலுக்கோ ஆகட்டும்.

இனி சவ்வு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது குறைக்கு முக்கியக் காரணம் இதுதான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் செல் பார்த்தோமே, ஒரு மெல்லிய, கண்ணாடி போன்ற தோல், நினைவிருக்கிறதா? வெங்காயத்தின் ஒவ்வொரு அடுக்குக்கும் உட்புறத்தில் அது ஒட்டியிருக்கும். வழுவழுப்பானது, நீர் ஒட்டாதது. அதன் மேல் மாவு பிடிக்காது. பிடித்த மாதிரி தெரிந்தாலும், எண்ணெயில் வெந்ததும் சவ்வுக்கும் மாவுக்கும் நடுவே ஆவி புகுந்து இடைவெளி விழுந்துவிடும். அது மட்டுமல்ல, சவ்வு பல்லுக்குச் சட்டென்று அறுபடாது. நீங்கள் கடிக்கும்போது வெங்காயம் துண்டாவதற்குப் பதிலாக அந்தச் சவ்வு கயிறு மாதிரி இழுபட்டு மொத்த வளையத்தையும் கூட்டிலிருந்து உருவிவிடுகிறது.

அதை உரித்துவிடுங்கள். பச்சை வெங்காயத்தில் நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் பல வளையங்களில் ஒரே இழுப்பில் வந்துவிடும். சிலவற்றில் பிய்ந்து பிய்ந்து வந்து பொறுமையைச் சோதிக்கும். இருபது வளையத்துக்கு மேல் செய்கிறீர்கள் என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. பிரித்த வளையங்களை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், கல்லாக உறையும் வரை. ஓர் இரவு இருந்தாலும் தப்பில்லை. பிறகு எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் உறைவு விட்டுவிடும், சவ்வும் தொட்டாலே நழுவும். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் வெங்காயத்தின் செல் சுவர்களைக் குத்திக் கிழிக்கின்றன. அதனால் வெங்காயம் முன்பே மென்மையாகி, பொரிக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முழுசாக வெந்துவிடும், கடித்தால் நறுக்கென்று அறுபடும். உறைவு நீங்கிய வளையம் கையில் பிடித்தால் துணி மாதிரி தொங்கும். பார்க்கக் கேவலமாக இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாவில் முக்கி எண்ணெயில் போட்டதும் வட்டம் திரும்பிவிடும்.

கடையில் உறையவைத்து விற்கும் வளையங்களில் ஒரு வகையைக் கடித்தால் வெங்காயம் ஒருபோதும் உருவி வருவதில்லை. அதில் முழு வளையமே கிடையாது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒட்டும் பொருள் சேர்த்துப் பிசைந்து வளையமாக அச்சிட்டிருப்பார்கள். அதோடு வீட்டு வளையத்தை ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

உரித்தபின், விருப்பமானால் அரை மணி நேரம் மோரில் ஊறவைக்கலாம். மோர் வெங்காயத்தின் பச்சைக் காரத்தைத் தணிக்கிறது, மேலே லேசாகப் படிந்து மாவு பிடிக்கப் பசையாகவும் இருக்கிறது. மோர் வேண்டாம் என்றால் ஐஸ் தண்ணீர் போதும். உப்பு மட்டும் இந்தக் கட்டத்தில் எதிலும் போடாதீர்கள். ஒருமுறை ருசி ஏறட்டுமே என்று வளையங்களுக்கு உப்புத் தூவி வைத்துவிட்டு வேறு வேலையாகப் போனேன். திரும்பி வந்தபோது தட்டில் குளம் கட்டியிருந்தது. உப்பு, வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும். அந்த நீர் மாவைக் கரைத்துவிடும்.

ஊறியதை வடித்து, சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தவை என்றால் இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினால் ஏகப்பட்ட தண்ணீர் இறங்கும். இந்த அளவு நீரை எண்ணெய்க்கு வெளியிலேயே கழித்துவிட்டீர்கள் என்பதுதான் அந்த வழியின் மூன்றாவது லாபம். பிறகு வளையங்களை உலர்ந்த மைதாவில் புரட்டி, நன்றாக உதறுங்கள். மேலே தூசி படிந்த மாதிரி இருந்தால் போதும். இந்த உலர்மாவு மிச்ச ஈரத்தை உறிஞ்சி ஒரு பசையாகி, கரைத்த மாவை வெங்காயத்தோடு இறுகப் பிடிக்கும். இதை விட்டுவிட்டு நேராகக் கரைத்த மாவில் முக்கினால், ஈரத்தின் மேல் ஈரம் நிற்காமல் வழிந்துபோகும்.

இப்போது மாவுக்கு வருவோம். இரண்டு பெரிய வெங்காயத்துக்கு மைதா 120 கிராம், சோளமாவு 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பிடித்தால் மிளகாய்த்தூளோ பூண்டுப்பொடியோ கொஞ்சம். சோளமாவு என்று சொன்னது விரல்களுக்கு இடையே தேய்த்தால் கிறீச்சென்று நெருடும் வெள்ளை ஸ்டார்ச்சை, அதாவது கார்ன்ஃப்ளவரை. சோளத்தை அப்படியே அரைத்த மாவைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

எதற்கு இரண்டு மாவு? மைதாவில் உள்ள புரதங்கள் தண்ணீர் பட்டுக் கலக்கப்படும்போது க்ளூட்டன் என்ற இழுவையான வலையாகப் பின்னிக்கொள்கின்றன. மாவு வெங்காயத்தில் பிடித்து நிற்க அது கொஞ்சம் வேண்டும். அதிகமானால் கூடு தடித்து, ஆறியதும் தோல் மாதிரி இழுபடும். சோளமாவில் க்ளூட்டன் கிடையாது. கலவையில் புரதத்தின் பங்கைக் குறைத்து, கூட்டை மெலிதாக, நொறுங்குகிறதாக ஆக்குகிறது. சோளமாவு இல்லையென்றால் அரிசி மாவு போடலாம். அதன் மொறுமொறுப்பு இன்னும் கெட்டியாக, கரகரவென்று இருக்கும், கொஞ்ச நேரம் கூடுதலாகவும் நிற்கும். ஆனால் மைதாவில் பாதிக்கு மேல் போய்விட்டால் பல்லுக்கு வேலை வைக்கும். முட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முட்டை சேர்த்தால் நிறம் அழகாக வரும், கூடு பஞ்சு மாதிரி ஆகிவிடும். மொறுமொறுப்பு வேண்டும் என்பவருக்கு அது வேண்டாம்.

கரைப்பதற்கு ஐஸ் போலக் குளிர்ந்த சோடா தண்ணீர், இனிப்பு இல்லாதது, 220 மில்லியில் தொடங்கித் தேவைக்கேற்ப 260 வரை. குளிர்ச்சிக்குக் காரணம் இரண்டு. குளிரில் க்ளூட்டன் மெதுவாகத்தான் உருவாகும். குளிர்ந்த நீரில்தான் கரியமில வாயு அதிக நேரம் தங்கும். அந்த வாயு எண்ணெயின் சூட்டில் பொங்கி வெளியேறும்போது கூட்டில் ஆயிரம் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. ஆவி வெளியேற வழி கிடைக்கிறது, கூடு சீக்கிரம் காய்கிறது. பீர் ஊற்றிச் செய்பவர்களும் இதே வேலைக்குத்தான் ஊற்றுகிறார்கள், கூடவே அதன் சர்க்கரையால் நிறமும் கொஞ்சம் கூடும். பேக்கிங் பவுடரின் வேலையும் அதே ரகம். அதைக் கூட்டினால் மொறுமொறுப்பு கூடும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஓர் அளவுக்கு மேல் துளைகள் பெரிதாகிக் கூடு ஸ்பாஞ்சாகி எண்ணெயை உறிஞ்சத் தொடங்கிவிடும். உங்கள் மூன்றாவது குறைக்கு இது ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம்.

எண்ணெய் காய்ந்தபின்தான் மாவைக் கரைக்க வேண்டும். முன்பே கரைத்து வைத்தால் வாயு போய்விடும். முள்கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். அங்கங்கே சிறு கட்டிகள் தெரிந்தால் தெரியட்டும். வழவழவென்று கரைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். பதம் எப்படிப் பார்ப்பது? கரண்டியின் முதுகில் மாவு படிய வேண்டும், அதில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். கோடு உடனே மூடினால் நீர்த்துவிட்டது, ஒரு கரண்டி மைதா போடுங்கள்.

எண்ணெய், வாணலியில் பாதிக்கு மேல் போகாமல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம். வாசனை இல்லாத, புகையாமல் அதிகச் சூடு தாங்கும் சுத்திகரித்த எண்ணெய் எதுவும் சரி. சூடு 180 முதல் 190 டிகிரி செல்சியஸ். வெப்பமானி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். இந்தப் பலகாரத்துக்கு அதைவிட உதவும் கருவி வேறில்லை. இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்து சோம்பேறித்தனமாக எழும்பினால் சூடு போதாது. இறங்கிய வேகத்தில் சலசலத்து மேலே வந்தால் சரி. மேலேயே நின்று உடனே சிவந்தால் அதிகம், அடுப்பைக் குறையுங்கள்.

எண்ணெய் குடிக்கும் விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வாணலிக்குள் வெந்துகொண்டிருக்கும்போதுதான் எண்ணெய் உள்ளே போகிறது என்று நினைக்கிறோம். ஆவி சீறி வெளியே வரும் வரை எண்ணெயால் பெரிதாக உள்ளே நுழைய முடியாது. சலசலப்பே அந்தச் சண்டையின் சத்தம்தான். வளையத்தை வெளியே எடுத்ததும் சூடு இறங்கி, துளைகளுக்குள் இருந்த ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக, பெரும்பகுதி எண்ணெய் உள்ளே போவது எடுத்தபிறகு வரும் முதல் நிமிடத்தில். அதனால் ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் வாணலிக்கு மேலேயே இரண்டு மூன்று முறை நன்றாக உதறுங்கள். இந்த மூன்று விநாடி உதறல் செய்யும் வேலையை அப்புறம் எத்தனை காகிதம் வைத்து ஒற்றினாலும் செய்ய முடியாது. சூடு குறைந்த எண்ணெயில் பொரித்தால் மட்டும் கதை வேறு. கூடு சீக்கிரம் இறுகாது, வளையம் அதிக நேரம் எண்ணெயில் கிடக்கும், காயாமலே சொதசொதவென்று ஊறிப்போகும்.

ஒரு தடவைக்கு நான்கைந்து வளையம்தான் போட வேண்டும். குளிர்ந்த மாவு இறங்கியதும் எண்ணெயின் சூடு மளமளவென்று குறையும். பத்தைப் போட்டால் மீண்டு வரவே நேரமாகிவிடும். மாவில் முக்கிய வளையத்தை ஒரு குச்சியில் மாட்டித் தூக்கி, மிகுதி மாவு சொட்டவிட்டு, எண்ணெயின் மேற்பரப்புக்கு அருகே கொண்டுபோய் நழுவ விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் தெறிக்கும். ஒரு நிமிடம் கழித்துத் திருப்பி, மொத்தம் இரண்டரை முதல் மூன்று நிமிடம். நிறத்தைப் பார்ப்பதோடு காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சடசடவென்று இருக்கும் சத்தம் மெல்ல அடங்கி, குமிழிகள் சிறுத்து வரும். கூட்டில் ஈரம் வற்றிவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம். நிறம் வந்துவிட்டதே என்று சத்தம் அடங்குமுன் எடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் தொய்வு நிச்சயம். உங்கள் வளையங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

புத்தம்புது எண்ணெயில் முதல் ஈடு வெளிறித்தான் வரும். ஒரு தடவை பொரித்த எண்ணெயில் நிறம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். எனவே முதல் ஈடு மங்கலாக வந்தால் உடனே தீயைக் கூட்டிவிட வேண்டாம், இரண்டாவது ஈட்டைப் பாருங்கள். ஈடுகளுக்கு நடுவே மிதக்கும் மாவுத் துணுக்குகளை அரித்து எடுத்துவிட வேண்டும். அவை கருகி எண்ணெய் முழுவதையும் கசக்க வைக்கும்.

எடுத்தவற்றைக் காகிதம் விரித்த தட்டில் குவிப்பதுதான் கடைசித் தப்பு. அடியில் இருக்கும் வளையத்திலிருந்து கிளம்பும் ஆவி காகிதத்தில் பட்டு அதன் மேலேயே திரும்புகிறது. மேலே அடுக்கியவை அதற்கு மூடி போட்ட மாதிரி. இத்தனை பாடுபட்டு விரட்டிய தண்ணீரை நாமே திரும்பக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். கேக் ஆறவைக்கும் கம்பி வலைத்தட்டு இருந்தால் அதில் ஒற்றை வரிசையாக, ஒன்றை ஒன்று தொடாமல் வையுங்கள். இல்லையென்றால் பெரிய சல்லடையைக் கவிழ்த்து வைத்தாலும் ஆகும். உப்பைச் சூடாக இருக்கும்போதே மேலே தூவுங்கள், அப்போதுதான் ஒட்டும். பொடி உப்பாக இருக்கட்டும். எல்லா ஈடும் முடியும் வரை முதலில் எடுத்தவை காத்திருக்க வேண்டுமானால் 100 டிகிரி ஓவனில், வலைத்தட்டோடு. மூடி போட்ட பாத்திரத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

விருந்தாளிகள் வரும் நாளில் இரண்டு முறை பொரிப்பது வசதி. முதலில் 165 டிகிரி அளவில் இரண்டு நிமிடம், நிறம் வராமல் வெளிறலாகவே எடுத்து வலைத்தட்டில் ஆறவிடுங்கள். பரிமாறுமுன் 190 டிகிரியில் ஒரு நிமிடம். ஆறும் நேரத்தில் வெங்காயத்தின் ஈரம் கொஞ்சம் கூட்டுக்கு வந்து சேரும், இரண்டாவது சூடு அதையும் விரட்டிவிடும். ஒரே முறை பொரித்ததைவிட இது சற்று நேரம் கூடுதலாக மொறுமொறுவென்று இருக்கும்.

ரொட்டித்தூள் பூசியும் செய்யலாம். உலர் மைதா, பிறகு சற்றுக் கெட்டியாகக் கரைத்த மாவு, அதன் மேல் சொரசொரப்பான ரொட்டித்தூள், கையால் லேசாக அழுத்தி ஒட்டி, இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டுப் பொரிக்க வேண்டும். மெல்லிய நொறுங்கலுக்குப் பதில் கரடுமுரடான கடி கிடைக்கும். ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகை ஒன்றுதான் வழி. கரைத்த மாவு அதில் எண்ணெயின் பிடி இல்லாமல் கம்பிகளுக்கு நடுவே ஒழுகிவிடும். ரொட்டித்தூளில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு முன்பே பிசறி, 200 டிகிரியில் பத்து நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிவிட்டால் நன்றாகவே வரும். ஆழ எண்ணெயில் பொரித்ததற்கு இணை என்று சொல்ல மாட்டேன்.

எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, வாணலியைத் தூக்கவும் கூடாது. அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடுங்கள். வாணலிக்குப் பொருந்தும் மூடி ஒன்றைத் தொடங்குமுன்பே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஃப்ரீசரில் இருந்து எடுத்த வளையத்தில் பனி ஒட்டியிருந்தால் எண்ணெய் பொங்கி வழியும். அதை மறுபடி பார்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மிச்சமானால் மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள், அது உள்ளிருக்கும் தண்ணீரைத்தான் முதலில் சூடாக்கும். 200 டிகிரி ஓவனில் வலைத்தட்டு மேல் ஐந்தாறு நிமிடம் வைத்தால் முக்கால்வாசி மொறுமொறுப்பு திரும்பிவிடும்.